மலையை வெட்டினவன் மலையைத் திருப்பிக் கொடுக்கட்டும்!

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தை அறிவித்ததும் நம்மில் சிலருக்குச் சிரிப்பு வந்தது. நிலக்கரிக்காகப் பூமியைத் திறக்கும்போது மானும் பட்சியும் மீனும் குடியிருக்கிற இடத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் விஷயம். பின் பெஞ்சிலிருந்து ஒரு பஞ்சாலைத் தோழர் எழுந்தார். "மனுஷனுக்கே குடியிருக்க இடம் இல்லை. எங்க லைன் வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகுது. இதில் மானுக்கு வீடு வேணும்னு பேச வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவரைக் கையமர்த்த நாம் விரும்பவில்லை. இந்தப் பேச்சு முழுவதும் அவருக்குச் சொல்லுகிற பதில்தான். பதில் போதவில்லை என்றால் கடைசியில் அவர் மறுபடியும் எழுந்து கேட்கட்டும்.

முதலில் சங்கதி என்னவென்று பார்ப்போம். நிலக்கரியை இரண்டு விதமாக எடுக்கிறார்கள். ஒன்று, பூமிக்கடியில் வளை தோண்டிப் போய் வெட்டுவது. இன்னொன்று, மேலே இருக்கிற மண்ணையும் பாறையையும் வாரி அப்புறப்படுத்திவிட்டு, ஆகாயம் தெரிய வெட்டுவது. இரண்டாவது வகையில் ஆள் குறைவு, யந்திரம் அதிகம். முதலாளிக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் நிலத்தின் மேல் உயிரோடிருந்த எல்லாமே, காடு, புல், ஓடை, கூடு, பொந்து எல்லாமே, முதல் நாளிலேயே போய்விடும்.

இதில் உலகத்துக்கே பாடமாக இருக்கிற இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிற அப்பலாச்சியன் மலைகள். கெண்டக்கி, மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா, டென்னஸி ராஜ்யங்களில் அந்த மலைகளுக்குள்ளே வாழைப்பழத்தில் ஊசி ஏற்றின மாதிரி கரி அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் சில அடி கனம்தான். அந்தச் சில அடிக்காக மலையின் உச்சியையே வெடி வைத்துத் தகர்க்கிறார்கள்.

கிணறு வெட்டின தோழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வெட்டி எடுத்த மண்ணை அதே குழியில் திரும்பப் போட்டுப் பாருங்கள். அடங்காது, மேடு தட்டிவிடும். பாறையும் அப்படித்தான். உடைத்தால் உப்பும். ஆகவே மலையுச்சியை உடைத்தவன் அதை முழுவதும் திரும்பப் பொருத்த முடியாது. மிஞ்சினதை என்ன செய்கிறான்? பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டுகிறான். பள்ளத்தாக்கின் அடியிலே ஓடை ஓடுகிறது. ஓடை புதைந்து போகிறது. இந்த மாதிரி அப்பலாச்சியாவில் புதைந்துபோன தலையோடைகள் சுமார் 2000 மைல் நீளம் என்று அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகாவே 2011-ல் சொல்லியது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் இழுத்துக் கட்டுகிற அளவு நீளம்!

"ஓடைதானே, அதில் என்ன இருக்கிறது?" என்று கம்பெனி வக்கீல்கள் கேட்டார்கள். சிலது வருஷத்தில் சில மாதம் வற்றிக் கிடக்கும் என்பதும் வாஸ்தவம். ஆனால் அந்த ஈரப் பள்ளத்தில்தான் சாலமாண்டர் என்கிற ஜீவன் வாழ்கிறது. பார்ப்பதற்குப் பல்லி மாதிரி. ஜாதியில் தவளைக்குச் சொந்தம். உலகத்திலேயே அதன் வகைகள் மிகவும் கூடியிருக்கிற இடங்களில் அப்பலாச்சியன் மலை ஒன்று. தண்ணீருக்குள் புழுவாக வளர்ந்து, இறக்கை முளைத்து, ஈசலைப் போல ஒரு நாள் இரண்டு நாள் பறந்து சாகிற பூச்சிகளும் அங்கே உண்டு. அதைத் தின்று மீன், மீனைத் தின்று பட்சி. உடைத்த பாறைக்குள் புகுந்து வடிகிற தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. முதலில் சாவது அந்தப் பூச்சி. செலினியம் என்ற தாதுவும் கூடவே வருகிறது. மேற்கு வர்ஜீனியாவின் மட் ஆற்று நீர்த்தேக்கத்தில் விஞ்ஞானிகள் மீன் குஞ்சுகளைப் பிடித்துப் பார்த்தார்கள். முதுகெலும்பு கோணிப்போன குஞ்சுகள் இருந்தன. இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருந்த குஞ்சும் இருந்தது.

பஞ்சாலைத் தோழருக்கு முதல் பதில் இதுதான். அந்த மீன் குஞ்சு யார் குடிக்கிற தண்ணீரைப் பற்றிச் சொல்லுகிறது? மலையடிவாரத்தில் குடியிருப்பவன் கம்பெனி டைரக்டர் இல்லை. கரி வெட்டுகிறவனும் அவன் பெண்டு பிள்ளைகளும்தான்.

அந்த நிலத்தில் ஜனங்கள் எப்படி ஏமாந்தார்கள் என்பது தனிக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நில ஏஜெண்டுகள் மலைமேல் ஏறி வந்து, எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்களிடம் கைநாட்டு வாங்கினார்கள். மேல் நிலம் உன்னுடையது, கீழே இருக்கிற கனிப்பொருள் மட்டும் எங்களுடையது என்று பேச்சு. ஏக்கருக்குக் கொடுத்த காசு மிக அற்பம். அந்தக் காலத்தில் கரி எடுப்பது என்றால் வளை தோண்டுவதுதான். மேலே வீடும் சோளக்கொல்லையும் இருந்தபடியே இருக்கும் என்று நம்பிக் கை வைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்துப் புல்டோசர் வந்தது. "கீழே இருப்பதை எடுக்க மேலே இருப்பதை இடிக்கலாம்" என்று கெண்டக்கிக் கோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லின. பாட்டன் வைத்த கைநாட்டு பேரனின் வீட்டை இடித்தது!

1965 நவம்பர் மாதம். கெண்டக்கியில் நாட் கவுண்டி என்ற பகுதியில் ஆலி கூம்ஸ் என்கிற வயதான விதவைத் தாயார் தன் வீட்டுக்கு மேலே மலைச்சரிவில் வந்த புல்டோசருக்கு எதிரில் போய் உட்கார்ந்துகொண்டார். போலீஸ்காரர்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் போட்டோ பத்திரிகையில் வந்தது. தேசம் முழுவதும் பார்த்தது. நம்மூரில் வரப்பில் உட்கார்ந்து சர்வேக்காரனை மறித்த கிழவிகளை நமக்குத் தெரியும். பாஷை வேறு, உட்கார்ந்த தோரணை ஒன்றுதான். கடைசியில் 1988-ல் கெண்டக்கி ஜனங்கள் ஓட்டுப் போட்டு அந்தப் பழைய பத்திரங்களின் பல்லைப் பிடுங்கினார்கள். நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஆதரித்து ஓட்டளித்தார்கள்.

1972 பிப்ரவரி 26-ந் தேதி மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்ற பள்ளத்தாக்கில், கரிக் கழிவைக் கொட்டி எழுப்பிய அணை உடைந்தது. 125 பேர் மாண்டார்கள். நாலாயிரம் பேருக்கு வீடில்லாமல் போயிற்று. கம்பெனிக்காரர்கள் அதைக் கடவுளின் செயல் என்றார்கள். கழிவைக் கடவுளா கொண்டுவந்து கொட்டினார்? கட்டுப்பாடு வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். காங்கிரஸ் சபை 1974-ல் சட்டம் நிறைவேற்றியது. ஜனாதிபதி ஃபோர்டு நிராகரித்தார். 1975-ல் மறுபடி நிறைவேற்றியது, மறுபடியும் நிராகரித்தார். 1977 ஆகஸ்ட் 3-ந் தேதிதான் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகப் பேசுவோம். முதலாளித்துவ நாட்டுச் சட்டம் என்று ஒதுக்கவேண்டாம். ஜனங்கள் போராடி வாங்கின சட்டம். அதில் நமக்கு உபயோகமான சரக்கு இருக்கிறது.

வெட்டுவதற்கு முன்பே கம்பெனி திட்டம் காட்டவேண்டும். அந்த நிலத்தில் என்ன மிருகம், என்ன பட்சி, என்ன மீன் இருக்கிறது என்று எண்ணிக் கணக்குக் கொடுக்கவேண்டும். மேல் மண்ணைத் தனியாக வாரி வைத்து, கடைசியில் அதையே மேலே பரப்பவேண்டும். நிலத்தை ஏறக்குறையப் பழைய அமைப்புக்குக் கொண்டுவரவேண்டும். மீனுக்கும் வனவிலங்குக்கும் ஏற்படுகிற கெடுதலை, இருக்கிறதிலேயே நல்ல முறையைக் கொண்டு, முடிந்த அளவுக்குக் குறைக்கவேண்டும்; இயன்ற இடத்தில் முன்பைவிட நல்லதாக்க வேண்டும். "முடிந்த அளவுக்கு" என்ற இந்த வார்த்தை இருக்கிறதே, அதற்குள் ஒரு லாரியே நுழைந்துபோகும்! வக்கீல்களுக்கு நாற்பது வருஷச் சாப்பாடு போட்ட வார்த்தை அது.

ஆனால் விதிகளில் சின்னச் சின்ன நல்ல விஷயங்கள் இருக்கின்றன. சுரங்கத்துக்குக் கரண்டு கொண்டுபோகிற கம்பத்தில் கழுகு வந்து உட்கார்ந்தால் அடிபட்டுச் சாகாதபடி கம்பி அமைக்கவேண்டும். விஷத்தண்ணீர் நிற்கிற குட்டையில் மிருகம் வாய் வைக்காமல் தடுக்கவேண்டும். இண்டியானா வௌவால் என்று ஒன்று உண்டு. அழிந்துபோகிற நிலையில் இருப்பது. கோடைக்காலத்தில் செத்த மரத்தின் பட்டை உரிந்து நிற்கிற இடுக்கில் குட்டி போட்டு வளர்க்கும். பனிக்காலத்தில் குகைக்குள் போய்த் தூங்கும். அது இருக்கிற காட்டில் மரம் வெட்டுவதைப் பனிக்காலத்துக்குத் தள்ளிப் போடுகிறார்கள். ஒரு காசு செலவில்லை. மாதத்தை மாற்றினால் போதும், குட்டிகள் பிழைக்கும். வெட்டின மரக்கிளைகளைக் கொளுத்தாமல் குவியலாக விட்டால் முயலும் கீரிப்பிள்ளை ஜாதிகளும் குடியேறும். பாறைகளை ஒரு மூலையில் குவித்து வைத்தால் பாம்புக்கும் ஓணானுக்கும் வீடு. இதெல்லாம் பெரிய விஞ்ஞானம் இல்லை. ஆடு மாடு மேய்த்த எந்தப் பையனும் சொல்லுவான்.

இனிமேல்தான் விசித்திரம் வருகிறது. நிலத்தைக் காப்பாற்ற வந்த சட்டமே அப்பலாச்சியாவில் காட்டைத் திரும்பி வரவொட்டாமல் தடுத்தது!

எப்படி? சட்டம் வருவதற்கு முன்னால் உடைத்த பாறையைச் சரிவிலே அப்படியே தள்ளிவிடுவார்கள். அது மழையில் சரிந்து வீடுகளின் மேல் விழும். ஆகவே 1977-க்குப் பிறகு அதிகாரிகளுக்கு ஒரே பயம், சரிவு வரக்கூடாது என்று. "கெட்டிப்படுத்து, சமன்படுத்து, வழவழப்பாக்கு" என்றார்கள். புல்டோசர் மேலும் கீழும் பத்துத் தடவை ஓடியது. பிறகு மண் அரிக்காமல் இருக்க வேகமாக வளருகிற அயல்நாட்டுப் புல்லை அடர்த்தியாக விதைத்தார்கள். பச்சைப் பசேல் என்று ஆயிற்று. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். திருப்தி என்று எழுதினார். கம்பெனி ஜாமீன் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டது.

விவசாயத் தோழர்களே, நீங்கள் சொல்லுங்கள். அறுவடைக்கு முன்னால் களத்தைத் தட்டி, மெழுகி, கெட்டிப்படுத்தி வைக்கிறோம். அந்தக் களத்து மேட்டில் ஒரு வேப்பங்கன்றை நட்டால் வளருமா? வேர் எங்கே இறங்கும்? மழைத்தண்ணீர் எங்கே இறங்கும்? அப்பலாச்சியாவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் களத்து மேடாகக் கிடந்தது. நட்ட மரக்கன்று செத்தது. பிழைத்ததும் குட்டையாக நின்றது. ஓக் மரமும் ஹிக்கரி மரமும் நெருங்கி நின்ற காட்டுக்குப் பதிலாக மலையுச்சியில் புல்தரை. அடர்ந்த காட்டின் நடுவே மட்டும் கூடு கட்டுகிற நீலச் சிட்டு ஜாதி ஒன்று அங்கே உண்டு, செரூலியன் என்று பெயர். அதற்கு அந்தப் புல்தரையால் என்ன பிரயோஜனம்?

கெண்டக்கி, வர்ஜீனியா பல்கலைக் கழகங்களைச் சேர்ந்த வனத்துறைக்காரர்கள் பல வருஷம் நட்டுப் பார்த்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். குறைந்தபட்சம் நாலடி ஆழத்துக்கு வேர் பிடிக்கிற நல்ல மண் இருக்கவேண்டும். மலையின் மேல்பக்கத்தில் வெயிலும் மழையும் பட்டுப் பழுத்த பழுப்புநிற மணற்கல்லை உடைத்துப் போட்டால் மரம் நன்றாக வருகிறது. ஆழத்திலிருந்து வருகிற சாம்பல்நிறக் கல் உதவாது. லாரியில் கொண்டுவந்து குவியல் குவியலாகக் கொட்டிவிட்டு, சின்னப் புல்டோசர் ஒன்றை லேசாக ஒரே ஒரு தடவை ஓட்டினால் போதும். மேடு பள்ளமாகப் பொலபொலவென்று விட்டுவிடவேண்டும். புல்லை மிதமாக விதைக்கவேண்டும், கன்றை அமுக்கிவிடக்கூடாது. மரத்தில் இரண்டு ஜாதி நடவேண்டும்: சீக்கிரம் வளர்ந்து பட்சிக்குப் பழம் தந்து மண்ணைத் திருத்துகிற ஜாதி ஒன்று, நின்று வளர்ந்து காடாகிற ஜாதி ஒன்று. நடுகிற கை ஒழுங்காக நடவேண்டும்.

2004-ல் மத்திய சர்க்காரின் சுரங்க அலுவலகமும் ஏழு ராஜ்யங்களும் சேர்ந்து இந்த முறையை ஏற்றுக்கொண்டன. பழைய களத்து மேடுகளையும் ராட்சதக் கொழுவைப் பூட்டி மூன்றடி நாலடி ஆழம் கிழித்து, கன்று நட ஆரம்பித்தார்கள். அந்த மண்ணில் இப்போது அமெரிக்கச் செஸ்நட் மரத்தையும் நடுகிறார்கள். 1904-ல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய், ஐம்பது வருஷத்துக்குள் அந்த மரத்தில் சுமார் 400 கோடியை அழித்துவிட்டிருந்தது. நோய் தாங்குகிற புதிய ரகங்களைச் சோதித்துப் பார்க்க அந்தப் பாழ்பட்ட சுரங்க நிலமே இடம் கொடுத்திருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால் இந்த நல்ல முறை செலவு குறைவானது. புல்டோசர் பத்துத் தடவை ஓடுவதற்குப் பதில் ஒரு தடவை ஓடுகிறது. டீசல் மிச்சம். அப்படியிருந்தும் ஏன் இருபத்தைந்து வருஷம் பிடித்தது? கம்பெனிக்கு வேண்டியது காடு அல்ல, இன்ஸ்பெக்டரின் கையெழுத்து. இன்ஸ்பெக்டருக்கு வேண்டியது பழக்கமான வழி. புல்டோசர் ஓட்டுகிற தொழிலாளியிடம், "ஐயா, இந்த மண்ணில் வேர் இறங்குமா?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் வருஷமே சொல்லியிருப்பான் என்பது நம்முடைய அபிப்பிராயம். அவனும் குடியானவன் வீட்டுப் பிள்ளைதானே.

மேற்கே வயோமிங் ராஜ்யத்தில் நிலைமை வேறு. அங்கே கரி வெட்டுகிற இடம் மலையில்லை, வறண்ட மேய்ச்சல் வெளி. கரி ஒரே அடுக்காக அறுபதடி, நூறடி கனம். அங்கே சேஜ் என்கிற சாம்பல்நிறப் புதர் வளருகிறது. காட்டுக்கோழி இனத்தில் ஒன்று பனிக்காலம் முழுவதும் ஏறக்குறைய அந்தப் புதரின் இலையை மட்டுமே தின்று உயிர் வாழ்கிறது. புல் விதைத்தால் ஒரு வருஷத்தில் வரும். சேஜ் புதர் பழைய நிலைக்கு வரப் பல பத்து வருஷம் பிடிக்கும். கம்பெனிகள் புல்லோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தன. அதனால் அந்த ராஜ்யத்தில், திருத்திய நிலத்தில் நூற்றுக்கு இருபது பங்கில் சதுர மீட்டருக்கு ஒரு புதராவது இருக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். இந்த மாதிரி எண்ணிப் பார்க்கக்கூடிய விதிதான் விதி. மீட்டர் கோலை வைத்தால் உண்மை வெளியே வந்துவிடும். நம் மில்லில் கண்டு எடை போடுகிற மாதிரி.

எல்க் மான் கதையையும் சொல்லிவிடுவோம். இதைக் கம்பெனிகள் மிகவும் விரும்பிச் சொல்லும். எல்க் என்பது நம்மூர்க் கடமானைப் போன்ற, அதைவிடப் பெரிய மான். கெண்டக்கியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். 1997 டிசம்பரில் மேற்கு ராஜ்யத்திலிருந்து ஏழு மான்களை லாரியில் கொண்டுவந்து பழைய சுரங்க நிலத்தில் அவிழ்த்து விட்டார்கள். ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். 2002-க்குள் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கொண்டுவந்தார்கள். இப்போது பத்தாயிரத்துக்கு மேல் பெருகியிருப்பதாக அந்த ராஜ்யத்தின் வனவிலங்கு இலாகா மதிப்பிடுகிறது. சந்தோஷமான விஷயம், மறுக்கவேண்டியதில்லை. மானுக்கு அந்தப் புல்தரை பிடித்துப் போயிற்று.

ஆனால் விளம்பரப் படத்தில் மானைக் காட்டுகிறவன் சாலமாண்டரைக் காட்டுவதில்லை. புதைந்துபோன ஓடை எந்தப் படத்திலும் வராது. ஒரு விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டு, வீட்டுக்காரனை வெளியே தள்ளினால் அதற்குப் பெயர் விருந்தா? எந்த ஜீவன் முன்பு அங்கே இருந்தது, அது திரும்பி வந்ததா என்பதுதான் கேள்வி. பெரிய மிருகம் வந்ததா என்பதல்ல.

சரி, பணத்துக்கு வருவோம். எல்லாம் அங்கேதான் போய் முடிகிறது.

சட்டப்படி கம்பெனி வெட்டுவதற்கு முன்னால் ஜாமீன் கட்டவேண்டும். குழியை மூடிச் சமன் செய்தால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பயிர் பிடித்தால் இன்னொரு பகுதி. மிச்சம், மழை நாட்டில் ஐந்து வருஷமும் வறண்ட நாட்டில் பத்து வருஷமும் நிலம் தேறி நின்ற பிறகுதான். நல்ல ஏற்பாடு. ஆனால் பெரிய கம்பெனிகளுக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். பணமே கட்டவேண்டாம், "நாங்கள் பெரிய ஆள், எங்கள் வார்த்தையே ஜாமீன்" என்று கணக்குப் புத்தகத்தைக் காட்டினால் போதும். நாம் ஐந்நூறு ரூபாய் கடன் வாங்கப் போனால் குண்டுமணித் தங்கமாவது கேட்கிறார்கள்! 2015 ஆகஸ்டில் ஆல்ஃபா என்ற கம்பெனி திவால். 2016 ஜனவரியில் ஆர்ச். ஏப்ரலில் எல்லாரிலும் பெரிய பீபாடி. அப்போதுதான் வார்த்தை ஜாமீனின் விலை தெரிந்தது. நிலத்தைச் செப்பனிடுவதற்கான கோடிக்கணக்கான டாலர் வெறும் வார்த்தையாக நின்றது.

2019 ஜூலை 1-ந் தேதி பிளாக்ஜுவல் என்ற கம்பெனி திவால் மனுப் போட்டது. தொழிலாளர்களுக்குக் கொடுத்த சம்பளச் செக்குகள் பணமில்லை என்று திரும்பி வந்தன. கெண்டக்கியின் ஹார்லன் கவுண்டியில் (1930-களில் சங்கம் வைக்க ரத்தம் சிந்திய அதே ஹார்லன்) ஜூலை 29-ந் தேதி சில சுரங்கத் தொழிலாளிகள் ரயில் பாதையில் போய் நின்றார்கள். பின்னால் கரி ஏற்றிய ரயில். "நாங்கள் வெட்டின கரி, கூலியைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போ" என்றார்கள். கூடாரம் போட்டார்கள், பெண்டு பிள்ளைகள் சோறு கொண்டுவந்தார்கள், சுமார் இரண்டு மாதம் பாதையை விடவில்லை. கடைசியில் பாக்கிக் கூலிக்கு வழி பிறந்தது.

அதே கம்பெனியின் சுரங்கங்கள் பல, மூடாமலும் விதைக்காமலும் கிடந்தன. பார்த்தீர்களா தோழர்களே! எவன் தொழிலாளியின் கூலியைப் பாக்கி வைத்தானோ, அவனேதான் நிலத்துக்குக் கொடுக்கவேண்டியதையும் பாக்கி வைத்தான். ஒரே கணக்குப் புத்தகத்தில் இரண்டு பாக்கி. மானுக்கும் மீனுக்கும் உரியதைத் தராமல் ஓடுகிறவன் நமக்கு உரியதைத் தந்துவிட்டு ஓடுவதில்லை. பஞ்சாலைத் தோழருக்கு இரண்டாவது பதில் இது. மூன்றாவது பதிலும் இருக்கிறது: குழியை மூடுவதும், மண் பரப்புவதும், கன்று நடுவதும் வேலை. கரி தீர்ந்த ஊரில் மிஞ்சுகிற வேலை அதுதான். ஜாமீன் பணம் பெட்டியில் இருந்தால் அந்த வேலைக்குக் கூலி உண்டு; இல்லாவிட்டால் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். முதலாளி இல்லாத இடத்தில் இந்தக் கஷ்டம் இல்லை என்று சொல்ல நமக்கும் ஆசைதான். ஆனால் கிழக்கு ஜெர்மனி ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகப் பழுப்பு நிலக்கரி எடுத்த நாடு. லவுசிட்ஸ் பிரதேசத்தில் சோர்ப் என்கிற சிறுபான்மை ஜனங்களின் கிராமங்கள் பல அந்தக் குழிக்குள் போயின. கோயில், கல்லறை, காடு எல்லாம் போயின. உற்பத்தி இலக்கு ஒன்றையே பார்த்தார்கள். நாம் இதைப் பேசாமல் விட்டால் எதிரி பேசுவான். அதைவிட நாமே பேசுவது நல்லது.

அப்படியென்றால் நம் வாசலுக்கு வருவோம். நெய்வேலி. 1956-ல் கார்ப்பரேஷன் அமைந்தது. 1957-ல் நேரு வந்து வேலையைத் துவக்கினார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. பொதுத்துறை, நம் வீட்டு விளக்கு அந்தக் கரியில் எரிந்தது. அதில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் ஜீவனம் இருக்கிறது. இதையெல்லாம் மறந்து பேசவில்லை. ஆனால் ஒரு டன் கரிக்கு மேலே பல டன் மண்ணை வாரவேண்டியிருக்கிறது; அடியிலே அழுத்திக்கொண்டிருக்கிற ஊற்றுத் தண்ணீரை ராப்பகலாக இறைக்கவேண்டியிருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலிலேயே யந்திரம் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். அதே வருஷம் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்று மூன்று இடங்களைப் புதிதாக ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். டெல்டா ஜனங்கள் கிளம்பினார்கள். ஏப்ரலில் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. 2006-ம் வருஷ அறிவிப்பின்படி சுரங்கத்துக்கு முன்னால் பொதுஜன விசாரணை நடத்தவேண்டும்; அறிக்கையின் சுருக்கம் நம் பாஷையிலேயே கிடைக்கவேண்டும். சுற்றிலும் பத்துக் கிலோமீட்டரில் என்ன ஜீவன் இருக்கிறது என்று அதில் எழுதவேண்டும். மயில் இருந்தால் அது 1972-ம் வருஷ வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதற்குத் தனியே காப்புத் திட்டம் காட்டவேண்டும். "மயிலா? அது நம் விதைக் கடலையைக் கொத்துகிற சனியன் ஆயிற்றே!" என்று முன்வரிசையில் ஒரு அம்மா சொல்லுகிறார். வாஸ்தவம்தான் அம்மா. புதரும் கரட்டு நிலமும் போய்விட்டால் மயில் வேறு எங்கே போகும்? உங்கள் கொல்லைக்குத்தான் வரும். மயிலுக்குப் புதர் கேட்பது உங்கள் கடலைக்காகவும்தான்.

2009 முதல் சுரங்கத்தை மூடுவதற்கான திட்டமும் உண்டு. ஹெக்டேருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வருஷா வருஷம் தனிக் கணக்கில் பணம் போட்டு வைக்கவேண்டும். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அப்போது போட்ட கணக்கு ஹெக்டேருக்கு ஆறு லட்சம் ரூபாய்.

ஆகவே அடுத்தமுறை எந்த ஊரிலாவது பந்தல் போட்டு விசாரணை நடத்தினால், நம் தோழர்கள் கூலியையும் நிலத்துக்கு விலையையும் மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. மேல் மண்ணை எங்கே, எத்தனை வருஷம் குவித்து வைக்கப்போகிறீர்கள்? வருஷக்கணக்கில் குவிந்து கிடந்தால் மண்புழுவும் விதையும் அதில் மிஞ்சுமா? திரும்பப் போட்ட மண்ணின் மேல் யந்திரத்தை எத்தனை தடவை ஓட்டுவீர்கள்? நடப்போவது இந்த மண்ணின் மரமா, சீக்கிரம் பச்சை காட்டுகிற தைலமரமும் சவுக்குமா? ஏரிக்குப் போகிற வாய்க்காலில் என்ன கலந்து வருகிறது, யார் எடுத்துப் பரிசோதிப்பது, முடிவை ஊர்ப் பலகையில் ஒட்டுவீர்களா? அந்தத் தனிக் கணக்கில் இன்றைய தேதிக்கு எத்தனை ரூபாய் இருக்கிறது? நடுகிற வேலை யாருக்கு, நிலம் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கா, வெளியூர்க் காண்டிராக்டருக்கா?

பின் பெஞ்சுத் தோழர் மறுபடியும் எழுந்துவிட்டார். நல்லது. மைக்கை அவரிடம் கொடுங்கள்.